மூன்றாவது செல்

முதலில் வந்தது வாடைதான். ஹேர் டிரையர் சூட்டில் பசை இளகி, மகளின் பழைய பள்ளிக்கூட அடையாள அட்டையை விளிம்பில் செருகி நெம்பியதும், டேப்லெட்டின் முதுகு டப்பென்று விட்டுக்கொண்டது; விட்ட இடுக்கிலிருந்து அழுகின பலாச்சுளையும் நகப்பூச்சும் சேர்ந்தாற்போல ஒரு தித்திப்பு எழும்பி நேராக அஞ்சுகத்தின் தொண்டைக்குள் போய் உட்கார்ந்தது. புளித்த நாற்றமென்றால் மூக்கு தானாக ஒதுங்கிக்கொள்ளும், மலநாற்றமென்றால் கை தானாகப் பொத்திக்கொள்ளும், இது அப்படியில்லை, வா வா என்று கூப்பிட்டுவிட்டு அப்புறம் குமட்டுகிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் பழைய பேட்டரிகளைப் பிரித்து உயிருள்ள செல்லையும் செத்த செல்லையும் தனித்தனியாகப் பொறுக்கும் பட்டறையில் ஏழு வருஷமாக அவள் வேலை செய்கிறாள், இந்த வாடை அவள் புடவையில், தலைமுடியில், சோற்றுக் கையில் ஊறிப்போன வாடை, இருந்தும் இன்றைக்கு, ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு, சொந்த வீட்டுக் கூடத்தில், சாப்பிட்ட மோர்ச்சோறு இன்னும் நெஞ்சிலிருந்து இறங்காத நேரத்தில் அது புதிதாக நாறியது. ஏனென்றால் இது அந்தாளுடையது. பட்டறையில் வருகிற பேட்டரி யாரோ ஒருவருடையது, ஊர் பேர் தெரியாதவருடையது. இது அவள் புருஷன் தணிகாசலத்தின் மடியில் நாலு வருஷம் கிடந்தது, அவன் நெஞ்சின் மேல் தூங்கியது, அவன் எச்சில் பட்டது, சளி பட்டது. மூடியை முழுதாகத் தூக்கினாள். உள்ளே பேட்டரி செத்த தவளை வயிறு மாதிரி உப்பிக் கிடந்தது, வெள்ளித் தாள் மினுமினுக்க, விரலால் அழுத்தினால் பொதுக்கென்று உள்ளே போய்த் திரும்ப எழும்பும்போல. அழுத்திப் பார்க்கக் கை போனது. இழுத்துக்கொண்டாள். அழுத்திப் பார்க்கத் தோன்றியதே அசிங்கமாக இருந்தது, குழந்தைகள் நசுங்கிய ஓணானைக் குச்சியால் புரட்டுவது போல.

ஒலி வருகிற சின்னச் சின்ன ஓட்டைகளில் என்னவெல்லாமோ அடைத்திருந்தது. குண்டூசியால் ஒவ்வொன்றாகக் குத்தி எடுத்தாள். மஞ்சளாகக் காய்ந்த ஒன்று, அது சளி. வெள்ளையாக ஒன்று, சோற்றுப் பருக்கையின் பாதி. அப்புறம் பவுடர், அவன் கழுத்தில் அவளே போட்டுவிடுகிற வேர்க்குரு பவுடர், ஈரத்தில் குழைந்து சிமெண்ட்டாக இறுகியிருந்தது. குரல் வருகிற வழி இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அவன் சொந்தத் தொண்டையை அறுத்து எடுத்தபோது டாக்டர் ஒரு கிண்ணத்தில் வைத்துக் காட்டினார், பாக்கணுமாம்மா என்று கேட்டார், வேணாம் சார் என்று சொல்வதற்குள் காட்டிவிட்டார், ஆட்டுக்கறிக் கடையில் தள்ளிவைப்பார்களே, யாரும் வாங்காத சவ்வும் குழாயும், அந்த மாதிரி ஒரு துண்டு. இதுவா இத்தனை வருஷம் என்னைப் பேசியது என்று தோன்றியது. இவ்வளவு சின்னதா. பேட்டரியின் அடியில் பல் இடுக்கு சுத்தம் செய்கிற நூலை விட்டு அறுத்துக்கொண்டே வந்தவள் கீழ் மூலையில் நின்றாள். கருஞ்சிவப்பாக, அவரை விதை அளவில், கரப்பான் பூச்சியின் முட்டைக் கூடு. பக்கத்தில் காய்ந்த கால்கள் இரண்டு மூன்று. சூடு தேடி வந்து குடும்பம் நடத்தியிருக்கிறது. அவள் தோள் சிலிர்த்து, நாக்கின் அடியில் எச்சில் ஊறியது. இதை அவன் கன்னத்தோடு வைத்துக்கொண்டு படுத்திருந்தான். எழுத்தைத் தட்டினால் வாய்விட்டுப் படிக்கிற இதன் வழியாகத்தான் மகளிடம் பேசினான், கண்ணு சாப்பிட்டியா, கண்ணு தூங்கினியா என்று.

அடுத்த அறையில் அவன் இருமினான். இருமல் என்று சொல்வது பழக்கத்தில். வாயில் வராத இருமல் அது. கழுத்துக் குழியிலே ஒரு ஓட்டை, ஒரு ரூபாய்க் காசு அளவு, அதில்தான் மூச்சு, அதில்தான் இருமல், பிரஷர் குக்கரின் வெயிட்டைக் கரண்டியால் தூக்கினால் வருகிற புஸ்ஸென்ற சீறல், அதற்குப் பின்னால் எதிர்ச்சுவர் வரைக்கும் தெறிக்கிற சளி. கட்டிலின் மேல் எவர்சில்வர் டம்ளரைத் தட்டும் சத்தம் கேட்டது. டங், டங், டங். டேப்லெட் செத்துப்போன இந்தப் பத்து நாளாக அவனுக்கு அதுதான் வாய். அவள் எழுந்து போனாள். கழுத்தில் கட்டியிருந்த துணி நனைந்திருந்தது. அதை அவிழ்த்து, ஈரப் பஞ்சால் ஓட்டையைச் சுற்றித் துடைத்து, புதுத் துணி கட்டினாள். மூச்சை அடக்கிக்கொண்டுதான் செய்தாள், எப்போதும் அப்படித்தான், அவனுக்கு அது தெரியும் என்றும் அவளுக்குத் தெரியும். மூக்கு வழியாகக் காற்றே போகாததால் அவனுக்கு வாசனை தெரியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மீன் மார்க்கெட்டில் இருபது வருஷம் ஏலம் கூவியவனுக்கு இப்போது கருவாட்டு வாசனைகூடக் கிடையாது, தன் வாசனையும் கிடையாது. அத்தனையையும் அவள் ஒருத்தியே முகரவேண்டும். அவன் கூடத்துப் பக்கம் கையைக் காட்டி, புருவத்தைத் தூக்கினான்.

"ஆவுது, ஆவுது. இப்பதான் பிரிச்சிருக்கேன்" என்றாள்.

அவன் இரண்டு விரலைக் காட்டினான், அப்புறம் இன்னும் இரண்டு.

"தெரியுது. நாலு மணிக்கு ஜீவிதா கூப்புடுவா. அதுக்குள்ள முடிஞ்சிரும். படுங்க."

அவன் படுக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி அவளையே பார்த்தான். அந்தப் பார்வைக்கு முதுகைக் கொடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

நேற்று போனில் ஜீவிதா அழுதாள். பெங்களூரில் வேலை, விடுதியில் நாலு பெண்களோடு அறை, எந்தப் பெண்ணின் முன்னாலும் அழாதவள் அம்மாவிடம் மட்டும் அழுவாள். அப்பா குரலைக் கேட்டுப் பத்து நாளாச்சும்மா, எனக்கு என்னமோ மாதிரி இருக்குது, நீ வேணும்னே லேட் பண்றியா என்றாள். வேணும்னே என்ற அந்தச் சொல் போனிலிருந்து வந்து அஞ்சுகத்தின் காதில் குண்டூசி மாதிரி ஏறியது. பேட்டரி கெடைக்கலடி, அந்த மாடலே இப்ப வர்றதில்ல என்றாள். அப்ப புதுசு வாங்கலாம்மா என்றாள் மகள். புதுசுல அந்த ஆப் ஏறாது, அத எழுதினவங்களே இப்ப இல்லையாம், அதுலதான் அப்பா பெரிய பெரிய கட்டமா போட்டு வச்சிருக்காரு, போன் எழுத்து அவரு கண்ணுக்கு எட்டாது. சொன்னதெல்லாம் உண்மை. உண்மையை அடுக்கிச் சொல்லும்போதே பொய் சொல்வது போல நாக்கு வழுக்கியது. அப்பா குரல் என்கிறாள் இந்தப் பெண். எது அப்பா குரல்? ரயில்வே ஸ்டேஷனில் வண்டி வருவதைச் சொல்வாளே ஒருத்தி, அந்தப் பெண்ணின் குரல் அது. தண்ணீர் வேண்டும். ஜன்னலைத் திறக்கவும். நன்றி. மகளிடம் பேசும்போது அவன் தேனாகத் தட்டச்சு செய்வான், கண்ணு, தங்கம், ராசாத்தி. போன் வைத்த மறு நிமிஷம் அதே பெண்ணின் வாயில் பழைய வசவுகளைத் தட்டுவான். சனியனே. நாயே. உங்கப்பன் வளத்த வளப்பு. அந்தக் குரல் அதையும் வண்டி வருவது போலவே சொல்லும், பணிவாக, ஒவ்வொரு எழுத்தையும் சுத்தமாக. சில வார்த்தைகள் அதற்குத் தெரியாது, எழுத்தெழுத்தாகப் பிரித்துப் படிக்கும். அப்போது அவன் சிரிப்பான், சத்தமில்லாத சிரிப்பு, கழுத்து ஓட்டையில் குமிழி குமிழியாக வரும். முன்பு கத்துவான், தெரு கேட்கும், எதிர்வீட்டுக்காரி ஜன்னலைச் சாத்துவாள். கத்தலை வெறுக்க முடிந்தது. இந்தப் பணிவை என்ன செய்ய? காகிதத்தில் எழுதிக் காட்டச் சொன்னால் மாட்டான். ஏனென்று அவளுக்குப் புரியும். காகிதத்தைப் பார்க்காமல் இருந்துவிடலாம். குரலைக் கேட்காமல் இருக்க முடியாது.

ஆபரேஷன் முடிந்து, இனிமே பேச வராதும்மா, மனசத் தேத்திக்கோங்க என்று நர்ஸ் சொன்ன அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த கடையில் போய் உட்கார்ந்து மூன்று பரோட்டா தின்றாள். பசியே இல்லை. சால்னாவைத் திரும்பத் திரும்பக் கேட்டு ஊற்றிக்கொண்டாள். தின்று முடித்துக் கை கழுவும்போதுதான், தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்து அங்கேயே அந்தக் குழாயடியில் மொத்தத்தையும் வாந்தி எடுத்தாள், கடைக்காரர் பெண்சாதி பின்னால் வந்து தலையைப் பிடித்துவிட்டு, அழாதம்மா, புருஷனுக்கு நல்லாயிடும் என்றாள். அதை யாரிடமும் சொன்னதில்லை. எதற்கு இப்போது அது. நூலை இழுத்தாள். பேட்டரி பசையிலிருந்து பிசுபிசுவென்று உரிந்து வந்தது, காலில் ஒட்டிய அட்டை உரிவது போல, கடைசி மூலை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டு. மெதுவாக, மெதுவாக. வெள்ளித் தாள் கிழிந்தால் புகையும், தீயும். கிழியவில்லை. உரித்து எடுத்ததை மணல் நிரப்பிய பிஸ்கட் டின்னில் வைத்து மூடினாள். மூடின பிறகும் அந்தத் தித்திப்பு விரலில் இருந்தது.

பையிலிருந்து செல்களை எடுத்தாள். பட்டறை முதலாளி கலீல் பாய் வெள்ளிக்கிழமை சாயங்காலம் கொடுத்தது. பழைய டேப்லெட்டுகள் ஒரு மூட்டை வந்திருந்தது, அதில் பொறுக்கியவை, தட்டையான செல்கள். "ரெண்டு போதுமாம்மா?" என்று கேட்டார். "போதும் பாய், ரெண்டையும் சேத்துக் கட்டுனா சரியா இருக்கும்." "பச்சை ஒட்டு போட்டதா பாத்து எடுத்துக்க. வீட்டுக்காரர் நெஞ்சு மேல வச்சிக்கிறதுன்னு சொல்ற. மஞ்சள் வேணாம்." பச்சை என்றால் நல்லது, மஞ்சள் என்றால் டார்ச்சு லைட்டுக்கு ஆகும், சிவப்பு என்றால் எதற்கும் ஆகாது, தனி டிரம்மில் போட்டுச் சீல் வைத்து அனுப்பிவிடுவார்கள். பரிசோதித்து இந்த நிற ஒட்டுத்தாளைப் போடுவதே அஞ்சுகத்தின் வேலை. பழைய துணியை விரித்து எடுத்து வைத்தாள். ஒன்று. இரண்டு. கை மறுபடி பைக்குள் போய் மூன்றாவதை எடுத்தது.

மூன்று ஏன் இருக்கிறது என்று பார்த்தாள். மூன்றும் ஒரே அளவு, ஒரே வெள்ளி நிறம். இரண்டில் பச்சை ஒட்டு இருந்தது. மூன்றாவதில் ஒட்டு இல்லை, ஒட்டு இருந்த இடத்தில் பசை மட்டும் சதுரமாக அழுக்கேறி இருந்தது. பக்கத்தில் பேனாவால் தேதி, புதன்கிழமைத் தேதி, அவள் கையெழுத்தே. புதன்கிழமை நினைவுக்கு வந்தது. இந்தச் செல்லை அவள் மறக்க வழியில்லை, ஏனென்றால் அன்றைக்கு அது அவளை ஏமாற்றப் பார்த்தது. சார்ஜ் ஏற்றினால் சமர்த்தாக ஏறியது, மீட்டரில் நாலு வோல்ட்டைப் பளிச்சென்று காட்டியது, பச்சை ஒட்டை ஒட்டக் கையில் எடுத்துவிட்டாள், பக்கத்து மேஜையில் யாரோ எதற்கோ கூப்பிட்டார்கள், போய் அரைமணி கழித்து வந்து தொட்டால் சோற்றுப் பானை மாதிரி சுட்டது. நல்லவன் வேஷம் போடுகிற செல். சிவப்பு ஒட்டை அழுத்தி ஒட்டினாள். அப்புறம் அது எப்படி இங்கே வந்தது? பாய் தவறுதலாக எடுத்துக் கொடுத்திருக்கலாம். பாய் கையில் எடுக்கவே இல்லை, நீயே எடுத்துக்க என்றுதான் சொன்னார். பக்கத்தில் இருந்தது தெரியாமல் ஒட்டிக்கொண்டு வந்திருக்கலாம். சிவப்பு டிரம் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது, பூட்டுப் போட்டு. பூட்டின் சாவி அவளிடம் இருக்கிறது. சரி, அப்படியே வந்திருந்தாலும் ஒட்டு எங்கே? வழியில் உரிந்திருக்கும். அந்த ஒட்டு லேசில் உரியாது, நகம் வைத்துச் சுரண்ட வேண்டும். பையைக் கவிழ்த்து உதறினாள். டிபன் டப்பா மூடி, சீப்பு, மாத்திரை அட்டை, பஸ் டிக்கெட்டுகள். பஸ் டிக்கெட்டை இறங்குவதற்குள் மிளகு அளவுக்கு உருட்டிவிடுவது அவள் பழக்கம், ஜீவிதா கூடக் கேலி செய்வாள். உருண்டைகளுக்கு நடுவே சிவப்பாக ஓர் உருண்டை கிடந்தது.

அவள் அதைத் தொடவில்லை. மின்விசிறிக் காற்றில் அது தானாக ஒரு முறை உருண்டு நின்றது. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது, பாடி நிறுத்தம் வரைக்கும் நெரிசல், அப்புறம் காற்று, கையில் எதையோ உருட்டிக்கொண்டு வந்தது விரலுக்கு ஞாபகம் இருந்தது, என்ன என்று மட்டும் அவளுக்கு ஞாபகம் இல்லை. அதெப்படி, கைக்குத் தெரிந்தது தலைக்குத் தெரியாமல் இருக்கும்? டிரம்மைத் திறந்தது எந்தக் கை? அத்தனை செல்லுக்கு நடுவில் தேதி பார்த்து இதைத் தேடி எடுத்தது எந்தக் கண்? தானாக வரவில்லை அது. அவள் எடுத்து வந்தாள். அப்படி ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். சரி, எடுத்து வந்தேன், எதற்கு என்று கேட்டால் பதில் இருக்கிறதா? சும்மா. சும்மா யாராவது செத்த பாம்பை மடியில் கட்டிக்கொண்டு வருவார்களா. மல்ட்டிமீட்டரின் ஊசிகளை வைத்து அளந்தாள், அளக்கத் தேவையே இல்லை, இருந்தும் அளந்தாள். முதல் பச்சை, மூன்று புள்ளி எட்டு இரண்டு. இரண்டாவது பச்சை, மூன்று புள்ளி எட்டு. ஜோடி சேர்க்க இதைவிடப் பொருத்தம் கிடைக்காது. மூன்றாவது, மூன்று புள்ளி ஒன்பது. மூன்றிலும் உயர்ந்தது அதுதான். மீட்டரை மட்டும் பார்க்கிறவன் அதைத்தான் எடுப்பான். யாரும் குற்றம் சொல்ல முடியாது.

யாரும் குற்றம் சொல்ல முடியாது என்று தோன்றியதே, எதைச் செய்தால் குற்றம்? அவன் டேப்லெட்டை நெஞ்சின் மேல் குப்புறக் கவிழ்த்து வைத்துக்கொண்டு தூங்குவான். மேலே போர்வை. கழுத்தோரம் பஞ்சு, துணி. கூப்பிடக் குரல் கிடையாது. இவ்வளவையும் அவள் நினைக்கவில்லை, அவை தாமே வரிசையில் வந்து நின்றன, ரேஷன் கடையில் நிற்பது போல, ஒன்றன்பின் ஒன்றாக, அமைதியாக. அவள் கை மூன்றாவது செல்லை எடுத்து, பேட்டரி இருந்த குழியின் ஒரு பாதியில் வைத்துப் பார்த்தது. கச்சிதமாக உட்கார்ந்தது. பச்சை செல்லைவிட ஒரு நூல் இழை பொருத்தமாகவே உட்கார்ந்தது போலிருந்தது. பக்கத்து அறையில் சீறல். டம்ளர் சத்தம் வரும் என்று காத்திருந்தாள், வரவில்லை. கல்யாணமான இருபத்துநாலு வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அவனைத் திருப்பிப் பேசியதில்லை, ஒரு தட்டைத் தூக்கி எறிந்ததில்லை, அவள் அம்மாவின் முன்னால் அவளை அவன் அந்த வார்த்தை சொன்னபோதும் தோசைக்கல்லில் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஒன்பது வயது ஜீவிதா காதைப் பொத்திக்கொண்டு குளியலறையில் போய் உட்கார்ந்தபோது அவளும் உள்ளே போய்த் தாழ் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். பொறுமைசாலி என்று ஊர் சொன்னது. பொறுமையா இது? எல்லாம் உள்ளே போய் உட்கார்ந்து, அடுக்கடுக்காக, வெள்ளித்தாள் சுற்றி, உப்பி, இன்றைக்கு இப்படித் தித்திப்பாக நாறுகிறது. இத்தனை நாள் அவன் நாற்றம் அவன் நாற்றம் என்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தாளே, இது யாருடைய நாற்றம்? அவளுக்குத் தன் கைமேலேயே வெறுப்பு வந்தது, பூச்சி ஊர்வதைப் போல உதறினாள். செல் குழியிலிருந்து துணியில் விழுந்தது. சத்தமே இல்லாமல் விழுந்தது. குளியலறைக்கு ஓடி, குனிந்து நின்றாள். ஒன்றும் வரவில்லை, மோர்ச்சோறு தொண்டை வரை வந்து திரும்பிப் போனது. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வாய் கொப்புளித்துவிட்டுக் கண்ணாடியைப் பார்க்காமல் வந்தாள்.

மூன்றாவது செல்லின் இரண்டு முனைகளிலும் டேப் சுற்றினாள். ஒரு சுற்றுப் போதும். ஆறு சுற்று சுற்றினாள். மணல் டின்னில் பழைய பேட்டரியின் பக்கத்தில் புதைத்து, மூடியை அழுத்தி, டின்னை மாடிப்படிக்குக் கீழே வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தாள். நாளைக்கு பாயிடம் கொடுக்கவேண்டும். என்ன சொல்லிக் கொடுப்பது? பாய், இது தவறி வந்துடுச்சு. அவர் நம்பிவிடுவார், அவருக்கு அவள்மேல் அவ்வளவு நம்பிக்கை. அந்த நம்பிக்கையும் இப்போது கொஞ்சம் நாறியது. உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். பழைய பேட்டரியின் தலையில் இருந்த சின்ன சர்க்யூட் பட்டியை டின்னில் போடும் முன்பே வெட்டி வைத்திருந்தாள், அதுதான் காவல்காரன், அளவுக்கு மேல் ஏறினாலும் இறங்கினாலும் சூடானாலும் நிறுத்துவது. பச்சை செல்கள் இரண்டையும் அருகருகே வைத்து, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ், சால்டரிங் கம்பியின் நுனியை வைத்த கணம் எடுத்து, வைத்த கணம் எடுத்து, செல்லுக்குச் சூடு ஏறாமல். ஈயம் வெள்ளித் துளியாக உருண்டு படிந்தது. வேலையில் அவளுக்கு ஒருபோதும் கை நடுங்கியதில்லை, இன்றைக்கும் நடுங்கவில்லை, அதுவே அவளுக்குப் பயமாக இருந்தது. அந்த மூன்றாவதை வைத்திருந்தாலும் இந்தக் கை நடுங்கியிருக்காது. பழுப்பு டேப்பைப் போட்டு மூடி, கரப்பான் கூட்டைச் சுரண்டி எடுத்த இடத்தை ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்து, செல்களை உட்காரவைத்து, பட்டியைச் சொருகினாள். சார்ஜில் போட்டு, அரைமணி நேரம் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு அதைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை புறங்கையால் தொட்டுப் பார்த்தாள், ஜீவிதாவுக்கு டெங்கு வந்தபோது நெற்றியைத் தொட்டது போல. சூடு இல்லை. மறுபடி தொட்டாள். சூடு இல்லை. மூடியை ஒட்டி அழுத்தினாள்.

மூன்றே முக்காலுக்கு டேப்லெட் கண்ணைத் திறந்தது. கொண்டுபோய் அவன் மடியில் வைத்தாள். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். சந்தோஷப்படுவான், முதல் வேலையாகத் திட்டுவான், பத்து நாள் வசவும் சேர்ந்து வரும் என்று அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வரட்டும். இன்றைக்கு அது அவளுக்கு வேண்டியிருந்தது, வெந்நீரில் குளிப்பது போல. அவன் ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினான். ரயில்வே ஸ்டேஷன் பெண் தொண்டையைச் செருமாமல் பேசினாள்.

"பத்து நாளாக நீ பாடுகிறாய். என்ன பாட்டு அது?"

அஞ்சுகத்துக்கு முதலில் புரியவில்லை. "யாரு, நானா? நான் எங்க பாடுனேன்?"

விரல் மறுபடி தேடியது. "சமைக்கும்போது. துணி காயப்போடும்போது. காலையில் குளிக்கும்போது."

"சும்மா இருங்க. எனக்குப் பாட்டே தெரியாது."

"பாடினாய்" என்றாள் அந்தப் பெண், சந்தேகத்துக்கு இடமே இல்லாமல்.

காது மடலிலிருந்து கழுத்துவரை அவளுக்குச் சூடு பரவியது. உண்மையாக இருக்குமா? வாய் தானாக முணுமுணுத்திருக்குமா, பஸ்ஸில் விரல் தானாக உருட்டியது போல? இவன் கிடந்து கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். பத்து நாளும். அவன் வாய் அடைத்துக் கிடக்க, வீட்டில் அவள் பாடிக்கொண்டு வளைய வந்திருக்கிறாள், அதை இந்தக் கட்டிலிலிருந்து ஒருவன் அணு அணுவாகப் பார்த்திருக்கிறான், எதற்காகப் பாடுகிறாள் என்று தெரிந்தே பார்த்திருக்கிறான். உடுத்தியிருந்ததை உருவிப் போட்டாற்போல இருந்தது. மகள் கூப்பிட்டபோது அஞ்சுகத்தின் போனை வாங்கி வீடியோவில் ஜாடை காட்டியிருக்கலாம், வேலைக்குப் போகிறவளை வாசலில் மறித்திருக்கலாம். எதையும் செய்யவில்லை. அதற்குள் போன் அடித்தது. பத்து நிமிஷம் முன்னதாகவே கூப்பிட்டுவிட்டாள் ஜீவிதா.

"அப்பா! பேசுங்கப்பா!"

"கண்ணு" என்றது டேப்லெட். "சாப்பிட்டாயா?"

"சாப்பிட்டேம்ப்பா. எப்படிப்பா இருக்கீங்க? அம்மா சரி பண்ணிட்டாங்களா?"

அவன் நிமிர்ந்து அஞ்சுகத்தைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு தட்டினான். "அம்மாதான் செய்தாள். நன்றாக இருக்கிறது."

மகள் அந்தப் பக்கம் சிரித்தாள், அழுதாள், ஆபீஸில் லிஃப்ட் நின்றுபோன கதையைச் சொன்னாள். அம்மா என்று கூப்பிட்டு, சாரிம்மா, நேத்து ஏதோ சொல்லிட்டேன் என்றாள். பரவால்ல போடி என்றாள் அஞ்சுகம். அந்த சாரியை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

போன் வைத்ததும் அவன் டேப்லெட்டின் ஓரத்துப் பொத்தானை அழுத்திப் பிடித்தான். திரை கறுத்தது. அதை எடுத்து, குப்புறக் கவிழ்த்து, கட்டிலின் அந்தக் கோடியில், சாய்ந்தால் தன் கைக்கு எட்டாத இடத்தில் தள்ளி வைத்தான். சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான். அவளுக்கு எடுத்துக்கொள் என்று ஒன்றும் ஜாடை காட்டவில்லை.

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். இத்தனை வருஷ வசவிலும் இப்படிக் குமட்டியதில்லை. நான் வாயை மூடிக்கொள்கிறேன், நீ பாடிக்கொள் என்கிறான். இருபத்துநாலு வருஷம் கழித்து, குரல் போய், மூக்கு போய், எடுத்துக்கொள்ள ஆள் இல்லாத பழம் மாதிரி ஒரு நல்ல குணத்தை எடுத்து நீட்டுகிறான், அதுவும் இன்றைக்கு, இந்தக் கைக்கு. வேறு எந்த நாளாக இருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாளோ என்னவோ. விடுவிடுவென்று போய் டேப்லெட்டை எடுத்தாள், பொத்தானை அழுத்தினாள், அது மெல்ல விழித்து முழுக்க வெளிச்சமாகும்வரை நின்று, அவன் மடியில் தொப்பென்று வைத்தாள்.

"இந்தப் பிச்சையெல்லாம் எனக்கு வேணாம். என்ன திட்டணுமோ திட்டுங்க. பேசுங்க."

அவன் கண்ணைத் திறந்தான். அவள் முகத்தில் எதையோ தேடினான், கிடைத்ததா என்று தெரியவில்லை. விரல் எழுத்துகளின் மேல் இறங்கியது. பிறகு இரண்டே சொல்.

"டீ போடுடி" என்றாள் அந்தப் பெண், மிக மரியாதையாக.

சமையலறைக்குள் போய், சோப்புப் போட்டு முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவினாள். மறுபடி சோப்புப் போட்டாள். பாத்திரத்தில் பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். அவன் அறையில் ஒரு சத்தமும் இல்லை, இருமல்கூட இல்லை. அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பால் ஓரத்தில் நுரை கட்டத் தொடங்கியது. உதட்டுக்குள் ஏதோ ஒன்று, ஒரு ராகத்தின் நுனிபோல, மெல்ல எழும்பி வருவது அவளுக்குத் தெரிந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, பால் பொங்கி வருகிற வரைக்கும் அப்படியே நின்றாள்.